மூன்றாம் நாள் வெற்றிலை

என் சம்சாரம் தவமணிக்கு இரண்டு வருடமாகச் சரியான தூக்கம் கிடையாது. குழம்புக்கு உப்பு இரண்டு தடவை விழும். கூடையை வீட்டில் வைத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவாள். நான் முன்கோபக்காரன், கத்துவேன். தூங்காத மூளையில் அன்றன்று நடப்பது பதியாது, கத்திப் பயனில்லை என்று இரத்தினபுரி டாக்டர் சொன்ன பிறகுதான் வாயை மூடினேன்.

மகள் சுமித்ராவுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் தோட்டத்தில் கார்டு அச்சடித்தாலும், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய்ச் சொன்னால்தான் அழைப்பு. மேட்டு லயத்து வரிசை வீட்டில் இருக்கும் தவமணியின் அண்ணன் மூக்கையாவுக்கும் எங்களுக்கும் ஒரு பலாமரச் சண்டையில் மூன்று வருடமாகப் பேச்சில்லை. தாய்மாமன் கைப்பிடித்து அழைத்து வராமல் என் மகள் எப்படி மணவறை ஏறுவாள்?

தவமணி தட்டோடு போனாள். மச்சான் தட்டைத் தொடவேயில்லையாம். அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

மறுநாள் சாயந்தரம் பார்த்தால், மறுபடி வெற்றிலை அடுக்குகிறாள்.

"யாருக்கு?" என்றேன்.

"அண்ணனுக்குத்தாங்க. இன்னும் சொல்லவே இல்லையே!"

நேற்றைய அழுகையை ஞாபகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. போய்வந்தாள். அன்றும் மச்சான் தட்டை வாங்கவில்லை. ஆனால் மச்சானின் சம்சாரம் உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தாளாம்.

மூன்றாம் நாளும் தட்டை எடுத்தாள். இந்தத் தடவை நானும் பின்னால் போனேன்.

"மூணு நாளா வாற. ஒனக்கு ரோசமே இல்லையா?" என்றார் மச்சான்.

"என்னாண்ணே சொல்றீங்க? இப்பத்தானே மொதத் தரம் வாறேன்" என்று சிரித்தாள் தவமணி.

மச்சான் என்னைப் பார்த்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் வாய் திறந்தேன். "இவளுக்குத் தூக்கமே இல்ல மச்சான். நேத்து நடந்தது இன்னைக்கு நெனப்பு இருக்காது."

அவர் கண் கலங்கிவிட்டது. "ஹரி, ஹரி, வாறேன்" என்று பாதிச் சிங்களத்தில் சரி சொல்லி, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

கல்யாணத்தன்று மேளக்காரர்களுக்கும் முன்னதாகவே வந்து நின்றவர் அவர்தான். அவர் சுமித்ராவைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தபோது, சந்தோஷத்தில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தவமணியோ, பந்தி முடிந்ததும் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். "யாரும் எழுப்பக்கூடாது" என்று மச்சான் பாட்டுப் பெட்டியையும் நிறுத்திவிட்டுக் காவல் நின்றார்.

கண் விழித்தவளிடம், "ஒன் மறதிதான் நம்மளக் காப்பாத்துச்சு" என்று கிண்டல் செய்தேன்.

"ரெண்டாம் நாளுதாங்க மறந்தேன். நேத்தும் வந்து அழுதுட்டுப் போனியேன்னு அன்னைக்கு டீ குடுக்கையில மதினிதான் சொன்னாங்க. அத மறந்துடக் கூடாதுன்னு முந்தானையில முடிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் மூணாம் நாளு போனேன்."