குருபரப்பள்ளிக் குன்றில் எடுத்த கல்யாணப் படங்கள்

மே மாதம் பதினேழாம் தேதி ஆனந்தராஜ் எடுத்த இருநூற்றுப் பதினான்கு கல்யாணப் படங்களிலும் பனி பெய்துகொண்டிருந்தது. அவர் போய் வந்ததோ குருபரப்பள்ளிக்குப் பின்னாலிருக்கும் பாறைக் குன்றுக்கு. அன்று கிருஷ்ணகிரியில் வெயில் நூற்றிரண்டு டிகிரி. ஆனந்தராஜ் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். கம்பெனி அடையாள அட்டைக்குப் படமெடுத்தே காலம் தள்ளியவர். மாப்பிள்ளை ஹரீஷ்குமார், பேரிகைக் கிராமத்தில் தக்காளித் தோட்டமும் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரமும் வைத்திருக்கும் மாதேஸ்வரனின் ஒரே மகன். பெண் வினோதா, அதே தோட்டத்தில் முப்பது வருடம் களையெடுத்துவிட்டு இப்போது கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் நஞ்சம்மாவின் மகள். ஓசூரில் ஒரே தொழிற்சாலையில், ஒரே ஷிப்டில் இருவருக்கும் வேலை. வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. படம் மட்டும் கட்டாயம் வேண்டும் என்றார்கள். “நாளைக்கு இப்படியொரு கல்யாணமே நடக்கலைன்னு யாரும் சொல்லிடக் கூடாதுண்ணா, அதுக்குத்தான்” என்றாள் வினோதா.

காலை ஆறு மணிக்கு மூவரும் ஏறத் தொடங்கினார்கள். உச்சியில் ஒரு செல்போன் டவர் உண்டு, அதுவரை இருபது நிமிட ஏற்றம். ஏழு மணிக்கும் டவர் வரவில்லை. எட்டு மணிக்குக் காற்று குளிர்ந்தது. ஒன்பது மணிக்கு மேகங்கள் காலுக்குக் கீழே போயின. பத்து மணிக்குக் கால்கள் முழங்கால்வரை பனியில் புதைந்தன. வழியில் குடித்த டீயில் இந்த இரண்டு பேரும் எதையோ கலந்துவிட்டார்கள் என்று ஆனந்தராஜ் சந்தேகப்பட்டார். ஆனாலும் வாங்கிய வேலையைச் செய்தார். தாலி முடிய ஹரீஷ்குமாரின் விரல்கள் மடங்கவில்லை. வினோதா அவன் கைகளை வாயருகே பிடித்து ஊதிச் சூடேற்றிய பிறகே மூன்று முடிச்சும் விழுந்தன. பேட்டரி தீரும்வரை ஆனந்தராஜ் எடுத்தார். “நீங்க எறங்குங்கண்ணா. ரெண்டு வூட்லயும் படத்தைக் குடுத்துடுங்க. நாங்க கீழ வரலை. அந்தப் பக்கம் புகை தெரியுது, யாரோ இருக்காங்க” என்றான் ஹரீஷ்குமார். அரை மணி நேரத்தில் ஆனந்தராஜ் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டார். லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வலது காது மட்டும் மரத்துப் போயிருந்தது.

படங்கள் போய்ச் சேர்ந்த அன்றே மாதேஸ்வரன் நான்கு பைக்குகளில் ஆட்களோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். “எந்த ஊர்ல ஒளிச்சு வெச்சிருக்கே? மணாலியா, காஷ்மீரா?” என்று தமிழில் தொடங்கித் தெலுங்கில் திட்டி முடித்தார். நஞ்சம்மா மறுநாள் வந்தாள். அவளுடைய சந்தேகம் வேறு. “எம் பொண்ணைக் கொன்னு எங்கடா போட்டீங்க? கம்ப்யூட்டர்ல படம் பண்ணி எங்கிட்டயே காட்டறியா?” என்று வாசலில் விழுந்து அழுதாள். அவள் கொடுத்த புகாரை விசாரித்த இன்ஸ்பெக்டர் எல்லோரையும் சந்தேகப்பட்டார். படங்களில் எந்தத் திருத்தமும் இல்லை என்று ஆய்வுக்கூடம் எழுதி அனுப்பியது. அன்று மூவரும் போன வண்டி எந்தச் சுங்கச்சாவடியையும் தாண்டவில்லை என்று கேமரா காட்டியது. ஆனந்தராஜின் காதைப் பார்த்த டாக்டர், பனிக்கடி என்று எழுதி, அடித்து, மறுபடி பனிக்கடி என்றே எழுதினார். மாதேஸ்வரனின் ஆட்கள் பதினோரு தடவை குன்றில் ஏறினார்கள். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடத்தில் டவர் வந்தது. போலீஸ் பேரிகையில் கிணறுகளைத் தூர்வாரிப் பார்த்தது. ஆவணியில் மறுபடி வந்து ரோஜாக் கூடாரத்தையே தோண்டியது. குழிக்குள் வேர்கள் மட்டும் இருந்தன. ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது மாதேஸ்வரனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் திரும்பி, பைக் ஓட்டிய நான்கு பேரின் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கு பேரும் வேறெங்கோ பார்த்தார்கள். அன்றிலிருந்து அவருக்கும் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் நஞ்சம்மா லீவு போட்டுவிட்டு, பாறை இடுக்குகளில் மகளின் உடலைத் தேடத் தனியாகக் குன்றில் ஏறினாள். மூன்றாம் நாள் மதியம் இறங்கி, நேராகக் காவல் நிலையம் போய், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். பேரிகைக்காரர்கள் மிரட்டிவிட்டார்களோ என்று இன்ஸ்பெக்டர் சந்தேகத்தோடு விசாரித்தார். அவள் கொண்டையிலிருந்த பனி உருகி மேசைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. “நல்லாருக்காங்கங்க. ஆடு வெச்சிருக்காங்க” என்று மட்டும் சொன்னாள்.

நான்கு நாள் கழித்து மாதேஸ்வரன் மூக்கண்டப்பள்ளிக்கு வந்தார். லைன் வீடுகளில் எது நஞ்சம்மாவுடையது என்று அவருக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். எப்போதும் ‘ஏ நஞ்சி’ என்று கூப்பிட்டவர் வாசலில் நின்று, “நஞ்சம்மா, பையன் இருக்கானா?” என்றார்.

“இருக்காருங்க.”

“சத்தியமா?”

“உங்க ஆளுங்களைக் கேட்டீங்களா?”

“கேட்டேன். இல்லைன்னுதான் சொல்றானுங்க. நம்ப முடியலை.”

அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கி, வாய் வைத்து முழுவதும் குடித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்தார்கள்.

“என்னையும் ஒருக்கா கூட்டிக்கினு போ.”

நஞ்சம்மா சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “இப்ப வேணாங்க. எனக்கு உங்கமேல இன்னும் சந்தேகமாத்தான் இருக்குது.”

மாதேஸ்வரன் கோபப்படவில்லை. “இருக்கும்” என்றார். மறுநாள் ஓசூரில் வாங்கிய இரண்டு கம்பளிகளை அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றைப் பிரித்து உதறிப் பார்த்துவிட்டே நஞ்சம்மா மேலே கொண்டுபோனாள். அந்தத் தடவை அவர் பின்தொடரவுமில்லை, ஆள் அனுப்பவுமில்லை. அதற்குப் பிறகு அவள் மாதம் ஒரு முறை போய்வந்தாள். குருபரப்பள்ளி நிறுத்தத்தில் ஈரப் புடவையோடு ஏறுகிறவளுக்கு ஓரமாக நிற்க இடம் விடுவது கண்டக்டர்களுக்குப் பழகிப்போனது.

மறு வருடம் ஆடியில் நஞ்சம்மா ஒரு பெண் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள். அலுவலர் முத்துமணி வெளியூர்க்காரர், எதையும் எளிதில் நம்பாதவர். பிறந்த இடம் எது என்று கேட்டார். “மேலங்க” என்று அவள் ஜன்னல் வழியே கை காட்டினாள். அவர் எழுந்து போய்ப் பார்த்தார். குன்று தெரிந்தது, டவர் தெரிந்தது. சாட்சி இல்லாமல் எழுத முடியாது என்றார். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரன் உள்ளே வந்து, சாட்சி என்ற இடத்தில் ‘தாத்தா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழந்தையைப் பார்த்தீர்களா என்று முத்துமணி கேட்டதற்கு, “இன்னும் கூட்டிக்கினு போகலைங்க, இந்தம்மா பார்த்திருக்காங்க” என்றார். முத்துமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, ‘குருபரப்பள்ளிக் குன்று, பனிக்கு மேல்’ என்று எழுதி, முத்திரை குத்தி, வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டார்.