நான்காவது குழந்தை வரும்வரை

வாருங்கள், வந்து சாட்சி நில்லுங்கள்! பூட்டிய அறைக்குள் நடந்த கொடுமையல்ல இது. பட்டப்பகலில், கதவு அகலத் திறந்து கிடந்த தடுப்பூசி நிலையத்தில், மருந்து ஐந்தடி தூரத்தில் குளிர்பெட்டிக்குள் இருக்க, ஒரு கைக்குழந்தையை ஊசி போடாமலே மூன்று முறை திருப்பியனுப்பினார்கள். இன்று நான்காவது முறை.

மணி பன்னிரண்டேகால். ஒரு மணிக்கு நிலையம் மூடிவிடும்.

சுவரோர நாற்காலியில் இருந்தவள் அச்சகத்தில் தாள் மடிப்பவள். மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விளக்கத் தாள்களை மடித்து மடித்து அவள் கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது. மடியில் நான்கு மாத மகன். பக்கத்தில் ஆறு வயது மகள், தாயின் உதடுகளையே பார்த்தபடி. அந்தச் சிறுமிக்குக் காது கேளாது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நிமோகாக்கஸ் என்னும் கிருமி மூளையுறையைத் தாக்கியது. உயிரை விட்டுவிட்டுச் செவியைக் கொண்டுபோனது. நுரையீரலில் இறங்கினால் நிமோனியாவாகும் கிருமி அது. அதே கிருமி மகனையும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகவே தாய் மறுபடி மறுபடி வந்தாள்.

பதிவு மேசைக் குமாஸ்தாவுக்குத் தாய்மார்கள் வைத்த பெயர் ‘நாளைக்கு’. அவர் நிமிர்ந்து பாராமலே சொன்னார்: “ஒத்தப் பிள்ளைக்காகக் குப்பியத் திறக்க முடியாதும்மா. ஒரு குப்பியில நாலு பிள்ளைக்கு மருந்து. நாலு பேர் சேரட்டும்.”

“போன வாரம் மூணு பேர் இருந்தோமே, ஐயா!”

“நாலுன்னா நாலுதான்.”

“அப்ப மிச்சத்தையும் நானே பெத்துத் தூக்கிட்டு வரணுமா?”

பன்னிரண்டரைக்கு ஒரு லாரி ஓட்டுநர் இரு தோளிலும் இரட்டைக் குழந்தைகளைச் சாய்த்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். தாயின் முகம் மலர்ந்தது. குமாஸ்தா விரல் விட்டு எண்ணினார்.

“மூணு.”

“என்னையும் சேர்த்து எழுதிக்கங்க சார், நாலாச்சு!” என்றார் ஓட்டுநர். “எங்க வீட்ல என்னையும் குழந்தைன்னுதான் சொல்றாங்க.”

குமாஸ்தா சிரிக்கவில்லை. முள் பத்து நிமிடம் நகர்ந்தது. உள்ளறையிலிருந்து வந்த நர்ஸ் குளிர்பெட்டியின் மூடியை அழுத்திப் பூட்டினாள். அந்தச் சத்தத்தில் தாய் எழுந்துவிட்டாள்.

“நாலாவது பிள்ளை எங்கேன்னு எனக்குத் தெரியும், சிஸ்டர்.”

“கூட்டிட்டு வாங்களேன்.”

“எங்க எதிர்வீட்டுப் பிள்ளை. போன வாரம் இதே நாற்காலியில எங்களோட உட்கார்ந்திருந்துச்சு. நீங்க திருப்பி அனுப்புனீங்க. நேத்துல இருந்து நிமோனியாவுல, மூக்குல குழாயோட ஆஸ்பத்திரியில கிடக்குது.”

நர்ஸின் கை பூட்டிலேயே நின்றது.

“நான் என்னம்மா செய்யட்டும்? தட்டம்மை மருந்தைத் திறந்தா ஆறு மணி நேரத்துல கொட்டிடணும். இதுவும் அப்படித்தானே? வீணாச்சுன்னா மேல யார் பதில் சொல்றது?”

“இதுவும் அப்படித்தான்னு யார் சொன்னது?”

“இங்க எப்பவும் அப்படித்தான்.”

“பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்குமே, அதை எடுங்க. அந்த மாதிரித் தாளைத்தான் நான் நாள் முழுக்க மடிக்கிறேன். ஒருத்தராவது பிரிச்சுப் படிக்கிறீங்களா? மருந்தை எப்படி வைக்கணும்கிறது கடைசிப் பக்கம் இருக்கும்.”

மணி பன்னிரண்டு ஐம்பது. நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்து மருந்துப் பெட்டியைப் பிரித்தாள். அந்தத் தாள் அதுவரை யார் கையும் படாமல் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அவள் விரித்து, விரல் வைத்து, உரக்கப் படித்தாள்: திறந்த குப்பியை உரிய குளிரில் வைத்திருந்தால் இருபத்தெட்டு நாள் வரை பயன்படுத்தலாம்.

மறுபடி படித்தாள். குப்பியைக் கையில் எடுத்தாள்.

ஐந்தே நிமிடத்தில் மூன்று தொடைகளில் ஊசி இறங்கியது. நான்கு மாத மகன் வீறிட்டான்; தம்பி அழுவதைக் காதால் அறியாத அக்கா, அவன் முகம் கோணியதைப் பார்த்து வயிற்றைத் தட்டிக்கொடுத்தாள். நான்காம் குழந்தையின் மருந்து குப்பிக்குள் மிஞ்சியது. நர்ஸ் அதன்மேல் தேதியை எழுதிக் குளிரில் வைத்தாள்.

ஒரு மணி அடித்தது. குமாஸ்தா பதிவேட்டை மூடப் போனார்.

“மூடாதீங்க. திருப்பி அனுப்புன பேரையெல்லாம் படிங்க,” என்றாள் நர்ஸ்.

“நாளைக்கு…” என்று தொடங்கியவர் அவள் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார். இரண்டு மாதத்தில் பதினொரு பெயர். எதிர்வீட்டுக் குழந்தையின் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. நர்ஸ் முதல் பெயருக்குரிய தொலைபேசி எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது; எடுப்பார் இல்லை. இரண்டாம் எண்ணை அழுத்தினாள்.

சாட்சிகளே! இதைப் படித்து உச்சுக்கொட்டிவிட்டு உறங்கப் போகாதீர்கள். “நாளைக்கு வா” என்று உங்கள் குழந்தையைத் திருப்பினால் நாற்காலியை விட்டு எழாதீர்கள். “தாளைப் பிரியுங்கள், படித்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பதிவேடு உங்கள் மேசையில் இருக்கிறதா? இப்போதே திறங்கள். திருப்பியனுப்பிய ஒவ்வொரு பெயரையும் அழையுங்கள். எடுக்காவிட்டால், வீட்டுக்கே நடந்து போங்கள்!