மந்திரியின் ஓடு பளபளத்த விதம்

1

இந்தக் கதை என் மண்டையில் முளைத்ததல்ல. வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் வாயிலிருந்து விழுந்தது. ஆமை ஓட்டில் நல்ல நிறம் வர என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுரைக்காகக் கேட்கப் போயிருந்தேன். வெயில் விளக்கு, சுத்தமான தண்ணீர், காய்ந்த இறால், கேரட் என்று அடுக்கியவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆமை செத்துப்போனா யாரும் வேற ஆமை கேட்டு வர்றதில்ல சார். போட்டோவ நீட்டி, அச்சு அசல் இதே மாதிரி குடுங்கன்னுதான் வருவாங்க. வீட்ல தெரியக் கூடாதாம்."

கட்டுரை அதோடு படுத்துவிட்டது.

2

அவள் திரும்பி வந்தபோது ஆமை— வேண்டாம். ஆமையில் தொடங்கினால் கணவர் தப்பித்துவிடுவார்.

அம்மாவின் ஆபரேஷனுக்குத் துணையாகப் போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வந்தவள், பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. கண்ணாடித் தொட்டியில் மந்திரி ஜொலித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வளர்க்கும் ஆமை. பாசி படிந்த மங்கல் ஓட்டோடு விட்டுப் போயிருந்தாள். இப்போது கரும்பச்சையில் மஞ்சள் கோடுகள், நேற்றுதான் வரைந்தது போல.

"என்னங்க இது?"

"விளக்கு மாத்தினேன். ஓட்டு மேல இருந்த பழைய தகடெல்லாம் உரிஞ்சு விழுந்துச்சு. நீ வந்து பாத்து அசந்து போகணும்னுதான் சொல்லல."

அத்தனை நாளும் ஃபோனில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "மந்திரி நல்லா இருக்கார்."

3

ஓட்டின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். எப்போதோ கைதவறிக் கீழே போட்டது அவள்தான். தூக்கிப் பார்த்தாள். இருந்தது. அப்பாடா என்று நானும் பேனாவை மூடியிருப்பேன்.*

* கணவருக்கு நான் விளையாட்டாகக் கொடுத்திருந்த தொழில் பல்செட் செய்வது. கறை பிடித்த பல், ஓரம் உடைந்த பல் என்று, போட்டிருப்பவரின் வீட்டாருக்கே தெரியாதபடி செய்து தருபவர். ஒரு சில்லைப் பெயர்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

உரிந்த தகடுகளைக்கூட டப்பாவில் எடுத்து வைத்திருந்தார். நகம் மாதிரி மெல்லிசு. இதையும் அவரால் செய்ய முடியுமே என்று அவளுக்குத் தோன்றியது.

"எதுக்கு எடுத்து வெச்சீங்க?"

"நீ நம்பமாட்டேன்னுதான்."

அவர் காட்டக் காட்ட அவளுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

4

முடிவுகள்:

(அ) அவள் போட்டோவோடு கடைக்குப் போகிறாள். கடைக்காரர் உற்றுப் பார்த்து, "இதே மாதிரியா? போன மாசம்கூட ஒருத்தர்—" அடித்துவிட்டேன். அவர் அந்த வாக்கியத்தை முடித்தால் ஒரு குடும்பம் முடிந்துபோகும்.

(ஆ) மந்திரி அவள் விரலைத் தேடி நீந்தி வருகிறார். அவள் கண் கலங்குகிறது. (பசித்த ஆமை யார் விரலுக்கும் வரும். இதுவும் போயிற்று.)

நேராகக் கேட்டுவிடலாமே என்பீர்கள். ஆமை செத்திருந்தால், கேட்டதும் மந்திரி அவளுக்கு நிஜமாகவே போய்விடுவார். சாகாமலிருந்தால், கேட்ட குற்றத்துக்குக் கணவரின் மனம் விட்டுப்போகும். அவளுக்குப் பயமாக இருந்தது. எனக்கும்தான்.

5

அம்மாவிடமிருந்து ஃபோன். "உன் ஆமை எப்படிடி இருக்கு?"

தொட்டிக்கு அந்தப் பக்கம் கணவர் கேரட் துருவுவதை நிறுத்தினார்.

"மந்திரி நல்லா இருக்கார்மா."

அவர் ஃபோனில் சொன்ன அதே குரல், அதே இழுவை. கணவர் நிமிர்ந்து அவளையே பார்த்தார். நம்பித்தான் சொல்கிறாளா, நம்பியது போல் நடிக்கிறாளா? இப்போது சந்தேகம் அவருக்கு.

இனி உங்கள் பாடு. அவளைக் கேளுங்கள், அவரைக் கேளுங்கள், தொட்டியில் கைவிட்டுக்கூடப் பாருங்கள். என்னை மட்டும் கேட்காதீர்கள். அச்சு அசலாகச் செய்து தருவதுதான் என் பிழைப்பும்.