வேலப்பனின் இடது செருப்புகள்

எண்ணூரில் வேலப்பனின் கட்டிலுக்கு அடியில் இடது கால் செருப்புகளாகச் சேர்ந்துகொண்டிருந்தன. சர்க்கரை நோய் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. ஆனால் எந்தக் கடைக்காரனும் ஒற்றைச் செருப்பு விற்பதில்லை. வலது தேய்ந்தால் புது ஜோடி வாங்கியாக வேண்டும். அதில் வலது காலுக்குப் போகும், இடது கட்டிலடிக்குப் போகும். எல்லாம் ஒன்பதாம் நம்பர். ஒன்றிலும் மண் பட்டதில்லை.

"த பாரு நைனா, புத்தம்புதுசு. வலது காலு போன எவனாவது கெடச்சா சொல்லு. ஒரு ஜோடி வாங்குனா ரெண்டு பேருக்கும் ஆவும்" என்று, தம்பி வரும்போதெல்லாம் வேலப்பன் சொல்லிச் சிரிப்பார்.

தம்பி பொன்னுரங்கமும் கூடவே சிரித்து வைப்பார். அவருக்கும் ஒன்பதாம் நம்பர்தான். அவருக்கும் சர்க்கரைதான். அவருடைய வலது பாதம் சில மாதங்களாக மரத்துப்போய்க் கிடக்கிறது என்பது மட்டும் அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கட்டிலடி இருட்டில் அந்தச் செருப்புகள் வாயைத் திறந்துகொண்டு தனக்காகத்தான் காத்திருக்கின்றன என்று தோன்றும். டீ ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்.

டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் பொன்னுரங்கம் லேசுப்பட்ட ஆளா? திருவொற்றியூர் வைகறை நடையாளர் நற்பணி மன்றத்தின் நிறுவனத் தலைவர். மன்றத்தில் நடப்பவர்களைவிடப் பொறுப்பாளர்கள் அதிகம். கடற்கரைச் சாலை பிளக்ஸில், வலது காலைத் தூக்கியபடி அவர் ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். கீழே 'ஓயாத பாதமே!' என்று எழுதியிருந்தது. அந்தப் பாதம் ஓய்ந்துகொண்டிருப்பதை எந்த வாயால் சொல்வது? அதோடு, அண்ணனிடம் டாக்டர் 'எடுத்துறலாம்' என்று சொன்னபோது பக்கத்தில் நின்றவர் அவர்தான். ஏதோ பாயை எடுத்து மடிக்கிற மாதிரி அல்லவா டாக்டர் சொன்னார்!

இந்த நிலையில்தான் டில்லிபாபு வந்து சேர்ந்தான். முன்பு செம்புத் தண்ணீர் பாட்டிலும், அதற்கும் முன்பு புரோட்டீன் பவுடரும் விற்றவன். இப்போது 'பாத விஞ்ஞானி'. அவன் கொண்டுவந்தது வெறுங்கால் ஷூ. அடி அப்பளம் போல இருக்கும். முன்பக்கம் விரல்கள் விரிய அகலமாக இருக்கும். ஷூ போட்டுக்கொண்டே ஷூ போடாத மாதிரி நடக்கலாம். பக்கத்துக் குப்பத்தில் இதைப் பல தலைமுறையாகச் சும்மாவே செய்துவருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு அட்டைப்பெட்டி கிடையாது.

"கனமான ஷூ போட்டுப் போட்டு நம்ம பாதம் தூங்கிருச்சு, நண்பர்களே! அதை எழுப்பணும்!" என்று மன்றக் கூட்டத்தில் டில்லிபாபு முழங்கினான்.

பொன்னுரங்கத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. தூக்கம்தானா! துறைமுக யார்டில் முப்பது வருஷம் இரும்பு வைத்த பூட்ஸ் போட்டு உழைத்த கால் தூங்காமல் என்ன செய்யும்? சர்க்கரையாவது, மண்ணாவது! முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

டில்லிபாபு சாயங்காலம் வீட்டுக்கே வந்து அளவெடுத்தான். "பொழுது சாயசொல்லதான் காலு நெஜ சைஸ்ல இருக்கும் தலிவரே." காகிதத்தில் நிற்கவைத்துப் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தான். ஷூவின் உள்அட்டையை உருவி அதன் மேல் நிற்கச் சொன்னான். விரல் எதுவும் வெளியே பிதுங்கக் கூடாது. முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். "இந்தக் கம்பெனில உங்களுக்குப் பத்து."

பத்தைப் போட்டார். இடது கால் ஷூவுக்குள் சொகுசாக உட்கார்ந்தது. வலது காலில் ஒன்றுமே இல்லை. குனிந்து பார்த்தால் ஷூ இருந்தது, நிமிர்ந்தால் இல்லை. பொன்னுரங்கத்துக்கு வேர்த்துவிட்டது.

"லூசாக்கீது. ஒன்பது குடு."

ஒன்பதைப் போட்டும் ஒன்றும் தெரியவில்லை. எட்டைத் திணித்து எழுந்து நின்றபோதுதான், யாரோ தூரத்திலிருந்து காலைப் பிடித்த மாதிரி ஒரு பிடி கிடைத்தது. கண்ணே கலங்கிவிட்டது. "இதாண்டா கரெக்ட்டு!"

"இன்னா தலிவரே, வெரலுங்கோ ரேஷன் கடை லைன் மாரி நெருக்கிகினு கீதே. இந்த ஷூவோட தத்துவமே..."

"என் காலு எனக்குத் தெரியாதா? நீ பில்லப் போடு."

தத்துவம் பில்லோடு அடங்கியது. போகும்போது பராமரிப்பும் சொல்லிவிட்டுப் போனான். வாரம் ஒருதரம் உள்அட்டையை உருவிக் கையால் துவைக்கணும். மெஷின் ஆகாது. வெயில் ஆகாது, நிழலில் காயணும். பொன்னுரங்கம் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். பழைய பல்துலக்கியால் ஷூவை இடுக்கு இடுக்காகத் தேய்ப்பார்.

"என் முதுக ஒரு நாளாச்சும் இப்டி தேச்சுக்கீறியாய்யா நீ?" என்பாள் மனைவி குணசுந்தரி.

ஷூவை உள்ளும் புறமும் அப்படிப் பார்த்தவர், தன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயம்.

அடுத்த ஞாயிறு கடற்கரையில் 'பூமி உணர்வுத் தேர்வு'. கண்ணைக் கட்டிவிடுவார்கள். மணலில் வரிசையாக வைத்த பொருள்களை ஷூவோடு மிதித்து, மிதிபட்டது என்னவென்று சொல்ல வேண்டும். வலது காலால் மிதி என்றால் முடிந்தது கதை. தனக்கு முன்னால் போன செயலாளர் சௌக்கத் அலி கத்தியதை எல்லாம் உதட்டசைவோடு மனப்பாடம் செய்துகொண்டார். கயிறு, ஜல்லி, பாட்டில் மூடி, கிளிஞ்சல்.

கண்கட்டோடு போய், கணீரென்று ஒப்பித்தார். கிளிஞ்சலை மிதிப்பதற்கு முன்பே "கிளிஞ்சல்!" என்றுவிட்டார்.

"இன்னா மாமு, காலுல கண்ணு வெச்சிகினு கீறியா?" என்று சௌக்கத் அலி வாயைப் பிளந்தார்.

டில்லிபாபு பொன்னாடை போர்த்தினான். ஷூவைக் கழற்றிக் கையில் உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தான். பிறகு பொன்னுரங்கம் மணலோடு மணலாக ஷூவை மாட்டிக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவே வீட்டுக்கு நடந்தார். கைதட்டல் காதில் கேட்டது. தரை காலில் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நடை முடிந்து வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி, துவைக்கும் நாளாயிற்றே என்று கையில் எடுத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக் குழாயடிக்குப் போனார். பல்துலக்கியும் சோப்புமாக உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து குணசுந்தரியின் குரல் வந்தது. "யோவ், மீனு வாங்கியாந்தியா?"

"இல்லியே."

"அப்ப கூடத்துல இன்னாது இது ரத்தம்?"

பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளை டைல்ஸில் ஒற்றைக் காலின் தடம். வாசலில் தொடங்கி, ஓரடி விட்டு ஓரடியாக, சிவப்பாக, பெருவிரல் மட்டும் அழுத்தமாக வந்துகொண்டிருந்தது. யாரோ ஒற்றைக்காலன் வீட்டுக்குள் நுழைந்து தன்னைத் தேடி வந்தது போலிருந்தது. அவர் கண் தடத்தின் பின்னாலேயே வந்தது. கூடம், நிலைப்படி, ஈரச் சிமெண்ட். கடைசித் தடத்தின் மேல் அவருடைய வலது கால் இருந்தது.

குணசுந்தரி உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பினாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி. அவள் ஷூவைப் பிடுங்கி உதறினாள். கருத்துப்போன உள்அட்டையோடு ஒரு கிளிஞ்சல் துண்டு விழுந்து தரையில் டிக்கென்று ஒலித்தது. ஒரு வாரம் அவரோடு கூடவே நடந்திருக்கிறது.

"வலிக்கலியாய்யா?"

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். தலைவருக்குரிய பதில் ஒன்றும் வரவில்லை. "இல்ல" என்றார்.

அவள் முகம் செத்துப்போனது. வேலப்பனும் முதலில் இதைத்தான் சொன்னார். "வலிக்கல, அதனால ஒண்ணியுமில்ல" என்று.

ஆட்டோவில் போகும்போதே அவள் டில்லிபாபுவுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணி, ஷூவத் தண்ணில நனச்சுட்டீங்களா?" என்றான்.

"ஆமா, இன்னா இப்ப?"

"அப்ப ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க அண்ணி."

"டேய், உன்ன வந்து நெழல்ல காயப் போடறேன் இரு!" என்று போனை வைத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஐரீன் புண்ணைக் கழுவி முடித்து, ஒரு சின்னப் பிடியில் பொருத்திய நைலான் இழையை எடுத்தார். "ஐயா, கண்ண மூடிக்குங்க. பாதத்துல தொடுவேன். தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க."

மறுபடியும் கண்கட்டு. முன்னால் போய்ச் சொல்லிக்கொடுக்க இங்கே சௌக்கத் அலி இல்லை. பொன்னுரங்கம் இருட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டார். நாற்காலி நகர்ந்தது. கோட்டு உரசியது. இப்போதுதான்.

"ஆமா!"

"நான் இன்னும் தொடவே இல்ல."

இனி ஏமாற்றுவதற்கு இடமில்லை என்றானதும், பொன்னுரங்கம் முதல்முறையாகத் தன் காலுக்குள் இறங்கிப் பார்த்தார். பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. நடுப்பாதத்தில் ஒன்றுமில்லை. கட்டிலடி இருட்டுதான் இருந்தது. அதில் வரிசையாக, வாயைத் திறந்துகொண்டு... அவர் தான் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் போயிற்றோ, அந்த இருட்டின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ ஒன்று.

"ஆ... ஆமா. குதிகாலு. குதிகாலுதானே?"

குணசுந்தரி டாக்டரைத்தான் பார்த்தாள். "நெசமா சொல்றாரா, டபாய்க்கிறாரா மேடம்?"

"நெஜம்தான். குதிகால்ல உணர்வு கொஞ்சம் இருக்கு. விரலைப் பத்தி எக்ஸ்ரே பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்று சொல்லி, டாக்டர் சீட்டு எழுதினார்.

எக்ஸ்ரே அறை வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருக்கும்போது போன் வந்தது. வேலப்பன். குணசுந்தரி ஏற்கெனவே தகவல் சொல்லியிருந்தாள். போனைப் பொன்னுரங்கத்தின் காதில் வைத்தாள்.

"இன்னாடா நைனா, எந்தக் காலு?"

"வலதுண்ணா."

வேலப்பன் சிரிக்கவில்லை. கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. குனிகிறார் போலிருக்கிறது. கையை விட்டு எதையோ துழாவி இழுக்கும் சத்தம்.

"பயப்படாத. அல்லாத்தியும் மூட்ட கட்டிக் கடல்ல போட்டுடறேன். ஒண்ணுகூட இங்க இருக்காது."

பொன்னுரங்கம் போனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். "கடல்ல போடாதண்ணா" என்றார். "அலை கரைக்கே தள்ளிக்கினு வந்துடும்."

உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.