இளைக்க வைத்த நட்சத்திரம்

கெய்ரோவிலிருந்து அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையைத் திறந்ததும் ராவ்யாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு சிறிய சிவப்பு நட்சத்திரங்களைப் பாலைவனத் தொலைநோக்கியில் குளிரில் விறைத்தபடி அளந்தவள் அவள். ஒன்று மற்றதை மறைக்கும்போது ஒளி எவ்வளவு மங்குகிறது, ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்து, சின்னது கோட்பாடு சொல்வதைவிடப் பெருத்திருப்பதாகக் கண்டிருந்தாள். கட்டுரையில் அது இளைத்துப் போயிருந்தது.

நேராக, கட்டுரையை அவளோடு சேர்ந்து எழுதிய வானியல் துறைத்தலைவர் வக்தியின் அறைக்குப் போனாள்.

"என் அளவை யாரு மாத்தினது, டாக்டர்?"

"நான்தான். அவ்வளவு குண்டா இருக்க முடியாதும்மா. உலகமே சிரிக்கும்," என்றபடி அவர் டீயில் சர்க்கரையைக் கலக்கினார்.

"நட்சத்திரம் உங்ககிட்ட அனுமதி வாங்கிட்டா குண்டாகணும்? சிரிக்கிறவங்க வந்து அளந்து பாக்கட்டும்!"

"அப்போ உன் பேரை எடுத்துரட்டுமா?"

"எடுங்க. நான் அளந்ததையெல்லாம் சேர்த்து எடுங்க. அப்புறம் என்ன மிஞ்சுதுன்னு பாருங்க."

கட்டுரை அவள் கண்ட அளவோடுதான் வெளிவந்தது; 'இதில் ஐயமுண்டு' என்ற அடிக்குறிப்பை மட்டும் வக்தி அவளுக்குச் சொல்லாமல் செருகியிருந்தார். ராவ்யா அதன்பின் அவரோடு சேர்ந்து ஒரு வரிகூட எழுதவில்லை.