கோகிலவாணிக்கு ஒரு தடையில்லாச் சான்று

கார் சக்கரத்தைக் கழுவுவதற்கு முன்னால் அதில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கரும்பொடி உதிர்ந்து அலாய் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். யாருக்காகப் பிரேக் பிடித்தார்களோ அவர் அந்தப் பொடியில் இருப்பார். கழுவிவிட்டால் அந்தப் பிரேக் பிடிக்கப்படாததாகிவிடும். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாய்கள் இருக்கும், ஆடுகள் இருக்கும், தூரத்திலேயே ஒதுங்கிக்கொண்ட சைக்கிள்காரர்கள் இருப்பார்கள். பிரேக் பிடிக்காவிட்டாலும் அவர்கள் தப்பித்திருப்பார்கள். சிலருக்கு மட்டும் அந்தப் பிரேக் தேவைப்பட்டிருக்கும். அப்படி யாராவது தென்பட்டால் பின்னால் இருக்கும் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் அடிக்க வேண்டும்.

நான் பயந்த சுபாவம். சந்தேகம் வந்தாலே கேட்டுவிடுவேன். பதினொரு வருடமாக ராக்கியண்ணன் வாட்டர் வாஷில் சக்கரம் மட்டும் கழுவுகிறேன். என் கையால் ஒருவரும் போனதில்லை.

ராக்கியண்ணன்தான் முதலாளி. பெயரிலேயே அண்ணன் இருப்பதால் தனியாக வேறு ஒரு அண்ணா போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்றபடி கறாரான மனிதர்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் மருதாசலம் என்று பெயர் சொன்னார். அரிசி ஆலை வைத்திருக்கிறாராம்.

"மேல மட்டுந்தான் கழுவுவனுங்க. சக்கரத்துல அஞ்சு வருசமாக் கையே வெக்கல" என்றார். "ஒரு மணிக்குப் பொண்ணுக்கு நிச்சயம். சக்கரம் பளபளன்னு இருக்கோணும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க மொதல்ல சக்கரத்தத்தான் பாப்பாங்க."

"ஏனுங்க?"

"எல்லாருமே குட்டைங்க."

காத்திருப்பவர்களுக்காகச் சுவரோரம் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறோம். அவர் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு முன் இடது சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்தேன். எப்போதும் முன் சக்கரத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம், அதனால் கரியும் அதிகம், ஆட்களும் அதிகம்.

சக்கரத்துக்குப் பத்து கம்பிகள். முதல் இடுக்கில் ஒரு நாய். இரண்டாவதில் ஆடுகள், நெரிசலாக. மூன்றாவதில் குடை பிடித்த ஒரு வாத்தியார், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காவது இடுக்கில், போல்ட் குழிக்குச் சற்று மேலே, ஒரு பெண் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். பொடி கனமாக இருந்ததால் முகம் தெரியவில்லை. தெரியட்டும் என்று லேசாக ஊதினேன்.

என் மனைவி கோகிலவாணி.

ஊதியதில் அவள் காலில் இருந்த ஒரு செருப்பு பறந்துவிட்டது. தரையெல்லாம் தேடினேன். கரித்தூளில் எது செருப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்குப் போன் செய்தேன்.

"வாணி, எங்க இருக்கற?"

"ஊட்லதானுங்க. சோறு வடிச்சுட்டு இருக்கறன். ஏனுங்க, என்ற ஒத்தச் செருப்பக் காணமுங்க. இப்பத்தான் வாசல்ல இருந்துச்சு."

"ஒரு வெள்ளக் கார் உன்ற மேல மோதற மாதிரி வந்துச்சுன்னு சொன்னியே, அது எப்ப?"

"மூணு வருசம் ஆச்சு. பைபாஸ்ல. நெசமாலுமே செத்தேன்னுதான் நெனச்சனுங்க. கடேசில நின்னுருச்சு. அன்னைக்குச் சொன்னப்ப, நல்லவேளைன்னுட்டு நீங்க ரசத்த ஊத்தச் சொன்னீங்க."

உண்மைதான். ரசம் ஊற்றச் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. இப்போது அந்த நல்லவேளை ஒரு சக்கரத்தின் நான்காவது இடுக்கில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பெருமூச்சு விடக்கூட எனக்குப் பயமாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தேன்.

மருதாசலம் ஏழாவது நாற்காலியில் இருந்தார். அவர் எழுந்ததை நான் பார்க்கவில்லை.

"அய்யா, இந்தச் சக்கரத்துல என்ற சம்சாரம் இருக்கறாங்க. இத மட்டும் உட்டுர்லாமுங்களா?"

"நான் அவங்களக் கூப்படலீங்களே" என்றார் மருதாசலம். "மூணு வருசம் எங்கூடவே சுத்தியிருக்கறாங்க. நான் ஏதாச்சும் கேட்டனா?"

ராக்கியண்ணனிடம் போனேன். அவர் அழுத்தத்தில் நீரடிக்கும் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு சக்கரம் வெள்ளி மாதிரி, ஒண்ணு மட்டும் சட்டிக்கரி மாதிரி. அப்படி ஒரு வண்டிய நம்ம கடையில இருந்து வெளிய அனுப்பச் சொல்றியா?" என்றார். "ஆபீஸ்ல கேளு. அவங்க என்ன எழுதிக் குடுக்கறாங்களோ அதான். எழுத்துல இருந்தா எனக்குச் சரி."

அலுவலகம் கம்ப்ரசர் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. பன்னிரண்டு எட்டு வைத்தால் கவுண்டர் மேஜை வந்துவிடும். ஓடினால் நடைபாதை நீளும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓடினேன். இரண்டு பக்கமும் சுவரில் சக்கரங்கள் மாட்டியிருந்தார்கள். ஓட ஓடப் புதிய சக்கரங்கள் வந்தன. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கவுண்டர் என் முன்னால் இருந்தது. இருபது நிமிடம் வீணாகியிருந்தது.

கவுண்டரில் ஒரு அம்மாள் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மேஜையில் பெயர்ப்பலகை இருந்தது. அதில் பெயர் இல்லை, 'பொறுப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது.

"என்ன?"

"என்ற சம்சாரம் ஒரு சக்கரத்துல இருக்கறாங்க. கழுவக் கூடாதுங்க."

"அவங்க உசுரோட இருக்காங்களா?"

"இருக்கறாங்க. சோறு வடிச்சுட்டு இருக்கறாங்க."

"அப்ப என்ன பிரச்சன?"

"அப்படியே இருக்கோணுமுங்க."

அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "அவங்க அப்படியே இருக்கறதுல யாருக்காவது ஆட்சேபண உண்டா?"

"யாருக்கும் இல்லீங்க. அக்கம்பக்கத்துல நல்ல பேருங்க. வேணும்னா விசாரிச்சுக்குங்க."

"அப்ப எந்தச் சான்று வேணும்னு நீங்களே சொல்லுங்க. நாங்க எடுத்துக் குடுக்கக் கூடாது."

அந்த நொடியில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இந்த மாதிரி விஷயங்களில் நான் விவரமானவன். மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு, பழைய ஸ்கூட்டரை விற்பதற்கு, மச்சினனின் வேலைக்கு என்று எத்தனை படி ஏறியிருக்கிறேன். எல்லா இடத்திலும் கடைசியில் ஒரே காகிதத்தைத்தான் கேட்பார்கள். அது கையில் இருந்தால் யாரும் நம்மை எதுவும் செய்ய முடியாது.

"தடையில்லாச் சான்று குடுத்துருங்க" என்றேன்.

அவர் ஆரஞ்சை நிறுத்திவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சாச்சுங்க."

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"புருசனுங்க."

"அப்ப நீங்களே கையெழுத்துப் போடலாம்."

இரண்டு பிரதியிலும் போட்டேன். ரப்பர் முத்திரை ஈரமாக விழுந்தது. திரும்பும்போது நடைபாதை பன்னிரண்டு எட்டுதான் இருந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடிந்தால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

மருதாசலம் மூன்றாவது நாற்காலிக்கு வந்திருந்தார்.

ராக்கியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றை வாய்விட்டு வாசித்தார். "மேற்படி கோகிலவாணி என்பவருக்கு, மேற்படி வாகனத்தில், மேற்படி நாளன்று, தடை எதுவும் இல்லை என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது."

வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சென்னியப்பா, பொண்டாட்டிக்குப் பிரேக்கே இல்லைன்னு எழுதி வாங்கியாந்திருக்கற?"

"ஆட்சேபண இல்லைன்னு அர்த்தமுங்க. எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தானுங்க."

"தடைன்னா பிரேக்குதான். வேகத்தடைன்னா என்ன, வேகத்துக்கு ஆட்சேபணையா?"

காகிதத்தைப் பிடுங்கி நானே படித்தேன். எத்தனை தடவை படித்தாலும் தடை எதுவும் இல்லை என்றுதான் இருந்தது. கீழே என் கையெழுத்து, என் வாழ்நாளில் போட்டதிலேயே அழகாக விழுந்திருந்தது.

"அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. போய் மாத்திட்டு வந்தர்றன்."

"அவங்க புரிஞ்சுக்கவே வேண்டாம். கேட்டதக் குடுத்திருக்கறாங்க." ராக்கியண்ணன் சான்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எழுத்துல இருக்குது. எனக்குச் சரி."

கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். இந்தத் தடவை நடைபாதையே இல்லை. சுவரில் ஒரு சிறிய ஜன்னல் இருந்தது. அதைத் தட்டினேன். பொறுப்பு அம்மாள் கதவை விரலளவு திறந்தார்.

"சான்றுல திருத்தம் பண்ணோணுமுங்க."

"திருத்தம் பண்றதுன்னா சம்பந்தப்பட்டவங்க நேர்ல வரணும்."

"அவங்க வந்தாப் போதுமுங்களா?"

"ஒரு மணிக்குள்ள வந்தாப் போதும்."

ஜன்னல் மூடியது. நான் வாணிக்குப் போன் செய்தேன். உடனே கிளம்பி கடைக்கு வா, எதையும் கேட்காதே, ஆட்டோ பிடித்து வா என்று சொன்னேன். பேச்சு என் வாயில் கோணல்மாணலாக வந்தது. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கெளம்பியாச்சுங்க" என்றாள். "சோத்தத் தூக்கிட்டு உங்களுக்குத்தான் வந்துட்டு இருக்கறன். ஆட்டோ கெடைக்கல. பைபாஸத் தாண்டுனா கடதான்."

"பைபாஸ்ல எங்க?"

"நடுவுல."

"திரும்பிப் போயிரு."

"திரும்ப முடியலீங்க. ஒரு காலு வெறுங்காலு. தாரு சுடுது, ஒட்டிக்கிச்சு." அவள் குரல் மெதுவாகியது. "ஏனுங்க, ஒரு வெள்ளக் கார் வருதுங்க."

வெள்ளைக் கார் என் முன்னால்தான் நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது, நாலு சக்கரமும் தரையில் படாமல் ஜாக்கியில் தூக்கியிருந்தார்கள். முன் இடது சக்கரத்தின் பக்கத்தில் ராக்கியண்ணன் குனிந்திருந்தார். என் வேலையை அவரே செய்துகொண்டிருந்தார். மருந்து அடித்துவிட்டார். கரி அந்த மருந்தில் கரைந்தால் ஊதா நிறமாகிவிடும். சக்கரம் முழுக்க ஊதா வழிந்தது. நாயும் ஆடுகளும் வழிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தன. வாத்தியாரின் குடை மட்டும் பாக்கி. வாணி இடுப்பு வரை கரைந்திருந்தாள். உயர்த்திய கை இன்னும் இருந்தது.

சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

யாரும் அதைத் தொடவில்லை. முதலில் மெதுவாக, பிறகு சாலையில் போகிற சக்கரம் போலவே சுற்றியது. காதில் வாணி, "வருதுங்க, வருதுங்க" என்றாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வலது கையைக் கம்பிகளுக்கு இடையில் விட்டு உள்ளே இருந்த பிரேக் வட்டத்தகட்டைப் பிடித்தேன்.

கொதித்தது. கத்தினேன். விடவில்லை. என் உள்ளங்கையிலிருந்து கரும்பொடி உதிர்ந்து கழுவிய இடத்தில் படிந்தது.

"வாணி, நிக்குதா?"

"கொறையுதுங்க. ஆனா வருது."

"எவ்வளவு தூரம்?"

"ஒரு பத்தடி."

மருதாசலம் இப்போது நாற்காலி எதிலும் இல்லை. என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவருடைய பட்டு வேட்டியில் பூச்சி உருண்டை வாசனை அடித்தது.

"என்னங்க இது, கழுவக் கழுவ மறுபடியும் கரியாகுது?" என்று ராக்கியண்ணனிடம் கேட்டார்.

"கையில இருந்து வருதுங்க" என்றார் ராக்கியண்ணன். "சென்னியப்பா, கைய எடு. கஸ்டமர் பாக்கறாரு."

"எடுக்க மாட்டேன்."

"சான்று இருக்குது."

"இருக்கட்டும்."

அவர் கோபப்படவில்லை. பதினொரு வருடப் பழக்கம். மென்மையான பிரஷ்ஷை எடுத்து, கம்பிகளைச் சுற்றியும் என் விரல்களைச் சுற்றியும் தேய்த்து, என் கையிலும் மருந்து அடித்தார். என் மணிக்கட்டு ஊதாவாக வழிய ஆரம்பித்தது. வலி குறைந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"வாணி, இப்ப?"

"ஒரு மொழம்."

"நகர முடியுதா?"

"முடியலீங்க. சோத்துப்போசி கனமா இருக்குது. கீழ வெச்சுரட்டுமா?"

"வெச்சுரு. வெச்சுரு வாணி."

"கீழ வெச்சா மண்ணாயிருமுங்க. நீங்க காத்தாலயும் ஒண்ணும் திங்கல."

சக்கரம் என் கைக்குள் நழுவியது. என் விரல்கள் இரண்டு குறைவாக இருப்பதுபோல் பட்டது. பார்க்கவில்லை. ராக்கியண்ணன் ஈரத்துணியைப் பிழிந்து உதறினார். மருதாசலம் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருப்பதாகச் சொன்னார்.

"இப்ப?"

"ஒரு சாண்" என்றாள் வாணி.

போனைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கையையும் உள்ளே விட்டேன். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.