மச்சானிடம் ஒரு ராஜினாமா

மனைவியின் அண்ணன் கடையில் பதினோரு வருஷம் ரொட்டி சுட்டவனை அங்கே எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். மாப்பிள்ளைக்கு உள்ள மரியாதையைத்தான் ஒருநாளும் யாரும் கொடுத்ததில்லை.

அன்று காலை மாவைப் பிசைந்து ட்ரேக்களில் உப்ப வைத்துவிட்டு, மச்சான் முன்னால் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினான். ஒரு பெரிய ஹோட்டலில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே சேர, பழைய இடத்தில் முறையாக ராஜினாமா செய்தான் என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் நாளைக்குள்.

மச்சான் அதை எல்லோர் காதிலும் விழும்படி உரக்க வாசித்தார்.

“ராஜினாமாவாம்ல! தொரை எந்த ஆபீஸ்ல குப்பை கொட்டினீங்க? இந்தக் கடையில நீயா போனா ஓடிப்போயிட்டேன்னு அர்த்தம். நான் அனுப்பினா தொரத்திட்டேன்னு அர்த்தம். நடுவுல ஒண்ணும் கெடையாது மாப்ளே. எதை எழுதட்டும்?”

“ரெண்டும் வேணாம். ராஜினாமான்னு எழுதுங்க. எழுதுற வரைக்கும் ஒரு ட்ரேயைத் தொடமாட்டேன்.”

அடுப்பின் பக்குவம் அவனைத் தவிர அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. மச்சான் பதறிப்போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த மனுஷனோ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“கெட்டுப் போகட்டும். கடையை இழுத்து மூடினாலும் மூடுவேன், உனக்கு மசியமாட்டேன்.”

கல்லாவில் இருந்த மனைவி எழுந்து வந்தாள். “அண்ணே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?” அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “என்னங்க, விட்டுக் கொடுத்துடாதீங்க.”

அரை மணி நேரம் போனது. மாவு விளிம்பைத் தாண்டிப் பொங்கி நின்றது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அமுங்கிப் புளித்துவிடும். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தான். பாழாய்ப்போன கை கேட்டால்தானே! முதல் ட்ரேயை அடுப்புக்குள் தள்ளிய பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பதே அவனுக்கு உறைத்தது.

“அட்றா சக்கை!” மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே கடிதத்தை நாலாகக் கிழித்தார். “எங்கடா போயிடுவான் இவன்?”

மாப்பிள்ளைக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் மிச்ச ட்ரேக்களையும் தள்ளினான். ஒரு ரொட்டியைக்கூடக் கருக விடவில்லை.

“எதுக்குங்க தொட்டீங்க?” மனைவி கேட்டாள்.

“கெட்டுப் போயிருக்குமேடி.”

“அப்ப நாம?” என்றாள் அவள்.